நுரை அகற்றப்பட்டது

செப்டம்பர் 3, ஞாயிறு

பழைய ஆய்வக நோட்டு ஒன்றில் இருபது பக்கங்கள் எழுதாமல் மிச்சமிருந்தன. ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டுகள் கழித்து ஒரு சோதனைக்குப் பதிவேடு தொடங்குகிறேன். பலன் கிடைக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

நோக்கம்: ஒரு ஜோடி ஃபைட்டர் மீனை வீட்டில் குஞ்சு பொரிக்க வைத்தல்.

ஆண் மீன் மங்கையுடையது. மங்கையர்க்கரசி என் ஒரே மகள், நாற்பத்திரண்டு வயது, பள்ளியில் கணக்கு ஆசிரியை. பத்து நாள் முன்பு இரண்டு பெட்டிகள், ஒரு மடக்கு மேஜை, ஊறுகாய் ஜாடிக்குள் இந்த மீன், இவ்வளவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். "இனிமே அங்க போகலப்பா" என்றாள். நான் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்டிருக்க வேண்டும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் அவளே சொன்னாள். "கூட வேலை செய்யற சுகந்தி டீச்சர் வீட்ல ஒரு ரூம் காலியாகுது. ஆவடியில. அக்டோபர் ஒன்னாந்தேதி சாவி தர்றாங்க. அது வரைக்கும் இங்க இருந்துக்கறேன். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

தொந்தரவு என்ன இதில், இங்கேயே இரு என்று சொல்ல நினைத்தேன். "சரிம்மா" என்றுதான் வாயில் வந்தது.

மீனைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் பேசினாள். அங்கே ஒரு ஜோடி வளர்த்தாளாம். குஞ்சு பார்க்க வேண்டும் என்று ஆசையாம். ஹாலில் தொட்டி இருந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று மாப்பிள்ளை அதை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டாராம். வெயிலில் பெண் மீன் செத்துவிட்டது. ஒருவர் ஆசையாக வைத்த பொருளை இப்படியா இடம் மாற்றுவது?

ஆகவே இன்று கொளத்தூர் போய் ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு பெண் மீனும் வாங்கினேன். கடைக்காரர் பெயர் டில்லிபாபு. "பொண்ண தனி பாட்டில்ல வெச்சி காட்டு சார். ஆம்பள ரெடியான பொறவுதான் உள்ள உடணும்" என்றார். தயாரானது எப்படித் தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தேன். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். அவரே, "அத நீயே பாப்ப சார்" என்றார். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மங்கை பாட்டிலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்றாள். சும்மா ஒரு சோதனைக்கு என்றேன்.

வீட்டுக் குறிப்பு: மங்கையின் மேஜை ஹால் ஜன்னலோரம் விரித்தபடி கிடந்தது. அவள் துணி உலர்த்தப் போனபோது மடித்து, பீரோவுக்குப் பின்னால் வைத்தேன்.

செப்டம்பர் 4, திங்கள்

காலை 5.30. நீரின் வெப்பம் 27.5. அமிலத்தன்மை, காரத்தன்மை இயல்பு. மங்கை ஆணுக்கு வைத்திருக்கும் பெயர் துரை. நீலம், ஓரங்களில் சிவப்பு. பெயருக்கு ஏற்ற தோரணைதான்.

நீர்ப்பரப்பின் இடது மூலையில் நுரை, ஒரு ரூபாய் நாணயம் அளவு. பழைய டீ வடிகட்டியால் அகற்றப்பட்டது. மாலை நான்கு மணிக்கு மறுபடி இருந்தது. அகற்றப்பட்டது.

முப்பத்தோரு வருடம் குடிநீர் ஆய்வகத்தில் இருந்தவன் நான். ஏரியில் நுரை கண்டால் சோப்புக் கழிவு என்று எழுதிக் கையெழுத்திட்டவன். தொட்டியைக் கழுவியபோது நான்தான் சரியாக அலசாமல் விட்டிருக்கிறேன். என் வேலையில் எப்போதும் இப்படி ஒரு சிறு குறை இருக்கும்.

மேஜை: மடித்து வைக்கப்பட்டது.

செப்டம்பர் 5, செவ்வாய்

நுரை, காலை, மாலை: அகற்றப்பட்டது. மேஜை: மடித்து வைக்கப்பட்டது.

செப்டம்பர் 6, புதன்

நுரை இன்று உள்ளங்கை அளவு. தொட்டியைக் காலி செய்து, வெந்நீரில் மூன்று முறை அலசி, கொதித்து ஆறிய நீர் ஊற்றினேன். நான் வடிகட்டியை நீட்டினால் துரை செவுள் இரண்டையும் விரித்துக்கொண்டு அதன் மேல் பாய்கிறான். கோபக்கார இனம். அதனால்தான் ஃபைட்டர் என்ற பெயர்.

மாலையில் மங்கை மேஜையை மறுபடி எடுத்து ஜன்னலோரம் விரித்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுகள் திருத்தினாள். சிவப்புப் பேனாவால் சரி போடும்போது லேசாகத் தலையாட்டுகிறாள். சின்ன வயதிலும் கணக்குப் போடும்போது ஆட்டுவாள். இதை ஏன் இந்தப் பதிவேட்டில் எழுதுகிறேன்?

செப்டம்பர் 8, வெள்ளி

இட்லி சாப்பிடும்போது மங்கை சொன்னாள்: "துரைக்கு இங்க ஒட்டல போலப்பா. அங்க அந்த மொட்டை மாடி வெயில்லயே ரெண்டு நாள்ல ரெடியாயிட்டான். இங்க ஒன்னையும் காணோம்."

ரெடி என்றால் என்ன என்று கேட்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. எழுபத்து நான்கு வயதில் பெற்ற மகளிடம், மீன் எப்படித் தயாராகும் என்று எப்படிக் கேட்பது? "தண்ணி சரியில்லையோ என்னமோ" என்றேன். அவள் போனதும் நீரின் கடினத்தன்மையை அளந்தேன். குறை இல்லை.

நுரை இரு வேளை, மேஜை ஒரு வேளை: வழக்கம்போல்.

செப்டம்பர் 10, ஞாயிறு

"அப்பா, ஜன்னல்கிட்ட மேஜை இருந்தா உங்களுக்கு இடைஞ்சலா?"

"இல்லையேம்மா."

"அப்ப சரி."

அவள் கடைக்குப் போனதும் மடித்து வைத்தேன். இடைஞ்சல் இல்லைதான். ஆனால் ஹால் என்றால் ஹாலாக இருக்க வேண்டாமா?

செப்டம்பர் 12, செவ்வாய்

காலையில் நுரை இல்லை. மாலையிலும் இல்லை. கொதித்து ஆறிய நீர் ஒருவழியாகப் பலன் தந்துவிட்டது.

மேஜையும் வெளியே வரவில்லை. மங்கை தன் அறையில் கட்டில் மேல் நோட்டுகளைப் பரப்பி, முதுகை வளைத்துத் திருத்துகிறாள். இரண்டும் ஒரே நாளில் ஒழுங்குக்கு வந்திருக்கின்றன. ஹால் விசாலமாக இருக்கிறது. எனக்குத் திருப்தியாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 14, வியாழன்

துரை அடியில் போய்ப் படுத்திருக்கிறான். நான்கு உருண்டை தீனி போட்டேன். நான்கும் அப்படியே கிடக்கின்றன. பெண் மீன் பக்கம் திரும்பவே இல்லை.

மங்கை ஒரு அட்டைப்பெட்டியில் புத்தகங்களை அடுக்கத் தொடங்கியிருக்கிறாள். இன்னும் பதினேழு நாள் இருக்கும்போது எதற்கு அவசரம்?

செப்டம்பர் 16, சனி

கொளத்தூர் போனேன். கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, எதிர் டீக்கடையில் இருபது நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன்.

"என்ன சார், குஞ்சு பொரிச்சிச்சா?"

"இல்லைங்க. ஆண் மீன் தயாராகவே மாட்டேங்குது. இப்ப தீனியும் எடுக்கல. தண்ணியில எந்தக் குறையும் இல்ல, அளந்து பார்த்துட்டேன். முதல்ல கொஞ்சம் நுரை வந்துட்டிருந்தது. அதையும் தினம் ரெண்டு வேளை எடுத்துட்டேன்."

டில்லிபாபு கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "இன்னாத்த எடுத்த?"

"நுரையை."

"அட சார்! அது அவன் கட்ற வூடு சார்! வாயால ஒவ்வொரு நொரக் குமிழா ஊதி ஊதிக் கட்டுவான். அதுல தான் முட்டைய ஒட்டி வெப்பான். அவன் பாவம் வூடு கட்டிக்கினே கீறான், நீ டெய்லி ரெண்டு வாட்டி புல்டோசர் உட்டுக்கினே கீற!"

கடையில் வேலை செய்யும் பெண்மணி சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இனிமே கட்டுவானா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை மட்டும் எப்படியோ கேட்டுவிட்டேன்.

"மனசு வுட்டுட்டான்னா லேட்டாவும். வாதாம் எல காஞ்சது ஒன்னு தண்ணில போடு. மேல ஒரு கவர் போட்டு மூடு. தண்ணி ஒரு சாண் இருந்தா போதும். அப்பால நீ ஒன்னியும் பண்ணாத சார். சும்மா குந்திக்கினு பாரு. அதான் உன்கிட்ட கஷ்டம்னு நெனைக்கிறேன்."

வீட்டுக்கு வந்து பதிவேட்டைப் புரட்டிக் கூட்டினேன். நுரை அகற்றப்பட்டது: பதினாறு முறை. அதற்குக் கீழே, அதே மையில், அதே கையெழுத்தில், மேஜை மடித்து வைக்கப்பட்டது: எட்டு முறை. இந்த இரண்டாவது கணக்கை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கூட்டினேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் என் மனைவி சௌந்தரம் ரேடியோவை இதே ஜன்னலில் வைத்தாள். வெயில் படும் என்று அலமாரிக்கு மாற்றினேன். அவள் மறுபடி ஜன்னலில் வைத்தாள். நான் மறுபடி மாற்றினேன். பிறகு அவள் அதைச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். அவள் சாகும்வரை முப்பத்தாறு வருடம் அது அங்கேதான் பாடியது. அவளுக்குச் சமைக்கும்போது பாட்டு கேட்கப் பிடிக்கும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

மங்கை காய்கறி வாங்கப் போயிருந்தாள். பீரோவுக்குப் பின்னாலிருந்து மேஜையை எடுத்து ஜன்னலோரம் விரித்து வைத்தேன். அவள் திரும்பி வந்து பார்த்தாள்.

"இதை எதுக்குப்பா எடுத்தீங்க? துடைக்கவா?"

"ஆமாம்" என்றேன்.

துடைத்தேன். அவளே மடித்துக் கொண்டுபோய் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 18, திங்கள்

பூங்காவில் வாதாம் மரம் இருக்கிறது. காவலாளியிடம் அனுமதி கேட்டேன். "கீழ கெடக்குற எலைக்கா சார் பர்மிஷன்?" என்று ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தார். ஒன்றைக் கழுவித் தொட்டியில் போட்டேன். நீர் இளம் டீ நிறத்துக்கு மாறியது. என் வேலைக்காலத்தில் இந்த நீரை நிச்சயம் நிராகரித்திருப்பேன்.

நுரை இல்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

காலை 5.30. இலையின் அடியில் நுரை, பட்டாணி அளவு. நான்கு மணிக்கு நெல்லிக்காய் அளவு. தொடவில்லை.

துரை மேலே வருகிறான், வாய் நிறையக் காற்றை வாங்குகிறான், போய் ஒரு நுரைக் குமிழை ஒட்டுகிறான், திரும்பி வருகிறான். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வேலையை ஒரே வீச்சில் வாரியிருக்கிறேன்.

செப்டம்பர் 20, புதன்

மங்கை பள்ளியிலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா! கட்டிட்டான்!" என்று கத்தினாள். அவள் இந்த வீட்டில் கத்தி நான் கேட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. "இங்க வந்ததுலேர்ந்து ஒரு தடவகூடக் கட்டலையேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

சொல்லாமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு முறை தோன்றியது.

"கட்டினான்மா" என்றேன்.

"எப்ப?"

"தினமும். நான்தான் எடுத்துட்டேன். நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாயந்திரம் நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை. டீ வடிகட்டியால."

"டீ வடிகட்டியாலயா?"

"பழசு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன். பிறகு கேட்டாள்: "எதுக்குப்பா எடுத்தீங்க?"

"அழுக்குன்னு நெனச்சேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "உன் மேஜையையும் அப்படித்தான்" என்றேன்.

"மேஜை அழுக்கு இல்லையேப்பா."

"இல்ல. அதுக்கு ஒரு காரணமும் இல்ல."

அவள் துரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்கூல் விட்டு வரும்போது பஸ்லயே நெனைப்பேன், இன்னைக்கு மடிச்சிருக்க மாட்டாருன்னு. வந்து பார்த்தா மடிச்சிருக்கும். போகப் போறவ எதுக்குச் சண்டை போடணும்னு விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. பீரோவுக்குப் பின்னால் போனேன். மேஜையின் ஒரு கால் சிக்கிக்கொண்டது. அவள் வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

செப்டம்பர் 21, வியாழன்

கூடு: உள்ளங்கை அளவு. தொடவில்லை. மேஜை: ஜன்னலோரம். தொடவில்லை.

காலையில் மேஜையைக் கடந்து போகும்போது கை தானாக அதன் விளிம்புக்குப் போனது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

செப்டம்பர் 23, சனி

மங்கைக்கு விடுமுறை. பெண் மீனின் உடலில் மேலிருந்து கீழாக வெளிர்க்கோடுகள் தெரிந்தன. அதுதான் அறிகுறி என்று மங்கை சொன்னாள். "ரெடின்னா எப்படித் தெரியும்?" என்று இப்போது கேட்டுவிட்டேன். எவ்வளவு எளிதாக இருந்தது!

ஒன்பது மணிக்குப் பெண்ணைத் தொட்டிக்குள் விட்டோம். முதல் அரை மணி நேரம் கொடுமை. துரை துரத்தினான். அவள் வாலில் ஒரு கீறல், பிறகு பெரிய கிழிசல். நான் வலையை எடுத்தேன்.

"பொறுங்கப்பா."

"செத்துடும்மா."

"இலைக்குப் பின்னாடி ஒளிய இடம் இருக்கு. பொறுங்க." பிறகு தொட்டியைப் பார்த்தபடியே, "இவளுக்குப் பரவால்லப்பா. முடியலன்னா வெளிய எடுக்க ஒருத்தர் வலையோட நிக்கறார்" என்றாள்.

வலையின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். கல்யாணமாகிப் போன பதினெட்டு வருடத்தில் அவள் எத்தனையோ முறை போன் செய்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன்.

"நல்லவேளை, நீ வந்துட்டேம்மா" என்றேன். ஒரு மாதம் தாமதமான வாக்கியம்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டாள்.

பதினொன்றே காலுக்குப் பெண் மீன் தானாகவே கூட்டின் அடியில் வந்து நின்றது. துரை தன் உடலை வளைத்து அதைச் சுற்றிக்கொண்டான். இரண்டும் சில விநாடிகள் அசையாமல் இருந்தன. பிறகு வெள்ளை வெள்ளையாக, ரவை போல, முட்டைகள் உதிர்ந்தன. அவை தரை தொடுவதற்குள் துரை பாய்ந்து வாயில் பொறுக்கி, கூட்டில் ஒட்டினான். இப்படி இரண்டு மணி நேரம் நடந்தது. சோறு வைக்க மறந்துவிட்டோம்.

எல்லாம் முடிந்ததும் துரை அவளை விரட்டத் தொடங்கினான். இப்போது மங்கையே சொன்னாள்: "வலைப்பா." பெண்ணை எடுத்துத் தனி ஜாடியில், வாதாம் இலையோடு விட்டேன். வால் வளர்ந்துவிடுமாம்.

செப்டம்பர் 25, திங்கள்

பொரித்துவிட்டன. கூட்டிலிருந்து மெல்லிய வால்கள் தொங்குகின்றன. ஒன்று தவறிக் கீழே விழுகிறது. துரை போய் வாயில் கவ்வி வந்து, பழைய இடத்திலேயே ஒட்டுகிறான். அடுத்தது விழுகிறது. நேற்றிலிருந்து அவன் ஒரு உருண்டை தீனிகூடத் தொடவில்லை.

மங்கை பள்ளியிலிருந்து மூன்று முறை போன் செய்தாள். "எத்தனைப்பா?" என்றாள். எண்ண முடியவில்லை என்றேன். "கணக்கு டீச்சர் அப்பா பேசற பேச்சா இது?" என்றாள்.

செப்டம்பர் 28, வியாழன்

குஞ்சுகள் தொங்குவதை விட்டுக் குறுக்காக நீந்தத் தொடங்கிவிட்டன. இனித் தகப்பன் வேண்டியதில்லை, வைத்திருந்தால் ஆபத்துகூட. துரையைப் பழைய ஊறுகாய் ஜாடிக்கு மாற்றினோம். கொஞ்ச நேரம் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றித் தேடினான். பிறகு தீனி எடுத்தான்.

வாழைப்பழத் தோல் ஊறிய நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டாகும். குஞ்சுகளுக்கு அதைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு காலத்தில் இதே உயிர்கள் இருக்கக் கூடாது என்று நான் நுண்ணோக்கியில் தேடியிருக்கிறேன்.

புத்தகப் பெட்டி அறை மூலையிலேயே இருக்கிறது. நாடா போட்டு ஒட்டியிருக்கிறாள்.

செப்டம்பர் 29, வெள்ளி

மாலை. அவள் மேஜையில் காலாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஆவடி ரூம்ல தொட்டி வைக்க இடம் இருக்காம்மா?"

"இல்லப்பா. சின்ன ரூம்."

"அப்ப குஞ்சுங்க இங்கதான் இருக்கணும்."

"ம்."

"மூணு வேளை தீனி போடணும். வளர வளர ஆணையெல்லாம் தனித்தனியாப் பிரிக்கணும். என்னால முடியுமான்னு தெரியல."

"முடியும்பா. உங்களைவிட ஒழுங்கா யார் செய்வாங்க?"

அவ்வளவுதான், விட்டுவிடலாம் என்று திரும்பினேன். சமையலறை வாசல்வரை போனேன். அங்கே அந்தப் பழைய ரேடியோ இருந்தது. திரும்பி வந்தேன்.

"மீனுக்காக இல்லம்மா. நீ இரு."

சிவப்புப் பேனா நின்றது. அவள் நிமிரவில்லை. அடுத்த தாளை எடுத்தாள். சரி போட்டாள். தலையாட்டினாள். அது தாளுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

அக்டோபர் 1, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு சுகந்தி டீச்சர் போன் செய்தார். மங்கை பால்கனியில் நின்று பேசினாள். ஒட்டுக் கேட்கவில்லை, கதவு திறந்திருந்தது.

"இல்ல சுகந்தி, வேற யாருக்காவது குடுத்துடு... சேச்சே, கோவமெல்லாம் இல்ல... இங்க வீட்ல குஞ்சுங்க இருக்கு... மீன்டி! அப்பா வளர்க்கறார்... ஆமா, எங்க அப்பாதான்... முழுப்பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்."

நான் குளிக்கப் போய்விட்டேன். முகம் அப்போது சரியாக இல்லை.

வெளியே வந்தபோது இந்தப் பதிவேடு மேஜை மேல் திறந்து கிடந்தது. செப்டம்பர் 16ஆம் தேதிப் பக்கம். "மேஜை மடித்து வைக்கப்பட்டது: எட்டு முறை" என்ற வரியில் எட்டை அடித்து, பக்கத்தில் சிவப்பு மையில் 9 என்று போட்டிருந்தாள். கீழே பொடி எழுத்தில்: "3ஆம் தேதி விட்டுப்போச்சுப்பா."

சரிபார்த்தேன். ஒன்பதுதான்.

நிலவரம், மாலை நான்கு மணி. குஞ்சுகள்: எண்ண முடியவில்லை, ஐம்பதுக்கு மேல். பெண் மீன்: வால் ஓரத்தில் புதிதாக ஒரு மெல்லிய விளிம்பு. மேஜை: ஜன்னலோரம், அதன் மேல் காபி தம்ளர் வைத்த வட்டம் ஒன்று. துடைக்கவில்லை. ரேடியோ: ஜன்னலில் வைத்தேன். வெயில் படத்தான் செய்கிறது.

துரை: ஜாடியின் இடது ஓரத்தில் நுரை, ஒரு ரூபாய் நாணயம் அளவு.